கணக்கில் பெயர் கேட்ட பண்டிதர்

1845-இல் சென்னையில் பிறந்த காத்தவராயன், தம் ஆசானின் பெயரை ஏற்று அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். சித்த மருத்துவம் பார்த்தார். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்றே பதியவேண்டும் என அரசைக் கேட்டார்.

1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு நம் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், இம்மக்களின் நிலமின்மையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது.

1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர், 1911 கணக்கெடுப்பில் பௌத்தர் எனப் பதியும்படி வற்புறுத்தினார். 1914-இல் மறைந்தார்.

2001 கணக்கெடுப்பின்படி நடந்த மறுவரையறையில்தான் செய்யூரும் மதுராந்தகமும் தனித்தொகுதிகளாக வந்தன. துணைத்திட்ட நிதிக்கும் மக்கள்தொகை விகிதமே அளவுகோல். வரும் கணக்கெடுப்பில், மாமல்லபுரம் கடற்கரைக் குடியிருப்புவரை நம்மவர் வீடு ஒன்றுகூட விடுபடக் கூடாது.