ஆழ்கடல் தந்த எழுத்தாளர்

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்டு பீச் 1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் கடற்படை அதிகாரி; நூலாசிரியரும் ஆவார். மைந்தரும் அவ்விரு வழியிலும் நடந்தார்.

1939இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இரண்டாமிடம் பெற்றுத் தேறிய பீச், இரண்டாம் உலகப் போரில் 'டிரிக்கர்' என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிந்தார். 1944இல் வேறு கப்பலுக்கு மாறினார். 1945 மார்ச்சில் டிரிக்கர் மூழ்கியது. அதிலிருந்தோர் ஒருவரும் மீளவில்லை. உடனுண்டு உடனுறங்கிய தோழர்களைக் கடல் கொண்டுவிட, எஞ்சி நின்றவர் எழுதுகோலை எடுத்தார். 1952இல் வெளிவந்த 'சப்மரீன்' என்னும் நூலில் அக்கப்பலின் வரலாற்றைப் பதிவு செய்தார். 1955இல் எழுதிய 'ரன் சைலண்ட், ரன் டீப்' என்னும் புதினம் பெரும்புகழ் ஈட்டி, 1958இல் திரைப்படமாயிற்று.

1960இல் 'டிரைட்டன்' என்னும் அணுவாற்றல் கப்பலின் தலைவராக, மெகல்லன் சென்ற வழியையொட்டி, நீருக்கடியிலேயே உலகை 60 நாள் 21 மணி நேரத்தில் வலம் வந்தார். இடையே மாலுமி ஒருவர் கடும்நோயுற்றார். மேலெழுந்தால் அரும்பெருஞ் சாதனைக்கு ஊறு நேரலாம். ஆயினும் பீச் கப்பலைத் திருப்பினார். உருகுவே நாட்டு மாண்டிவிடியோ அருகே, கப்பலின் மேற்கூண்டை மட்டும் நீருக்குமேல் உயர்த்தி, நோயாளியை மற்றொரு போர்க்கப்பலில் சேர்ப்பித்த பின்னரே பயணத்தைத் தொடர்ந்தார். அவ்வனுபவத்தை 1962இல் நூலாக்கினார்.

2002இல் பீச் மறைந்தார். மாண்ட தோழரை ஏட்டில் வாழவைத்ததும், வாழும் தோழருக்காகச் சாதனையைப் பணயம் வைத்ததும் ஒரே நெஞ்சம்தான். மாணவர் எண்ணிப் போற்றத்தக்க வாழ்வு அது.