பின்னல் கண்ட பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமி

தமிழகத்துக் கணித மேதை என்றவுடன் நம் நாவில் எழும் பெயர் சீனிவாச இராமானுஜன் என்பதே. அது தகும். ஆயின், 1920இல் அவர் மறைந்த பின்னர்ச் சென்னையில் கணித ஆய்வு விளக்கை அணையாது காத்தவர் யாவர் என வினவின், நம்மில் பலர் விடையறியாது நிற்போம். அவருள் முன்னிற்பவர் பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமி. கணித உலகம் நன்கறிந்த அப்பெருமகனாரைத் தமிழுலகமும் அறிதல் வேண்டும் என்னும் வேட்கையால் இச்சிறு வரலாற்றை வரைகின்றோம்.

1894இல் பிறந்த அவர், செயின்ட் ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி பயின்றார். தாயகம் திரும்பிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றிய பின், 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1952 வரை, கால் நூற்றாண்டு அங்கேயே ஆய்வையும் மாணவரையும் வளர்த்தார். 1907இல் தோன்றிய இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழை 1927 முதல் 1950 வரை ஆசிரியராயிருந்து நடத்தினார். பிறர் கட்டுரைகளைப் படித்துத் திருத்திச் செப்பம் செய்யும் அப்பணி புகழ் தருவதன்று. ஆயினும் ஒரு நாட்டின் ஆய்வு மரபு அத்தகைய உழைப்பின் மீதே நிற்கின்றது.

அவர்தம் ஆய்வின் இயல்பை எளிய எண் ஒன்றால் விளக்குவோம். 12இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. இவற்றுள் எவ்விரண்டை எடுப்பினும் அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியும் மீச்சிறு பொது மடங்கும் இவ்வாறனுள்ளேயே அமையும். 4, 6 என்பவற்றுக்குக் கீழே 2 உண்டு. மேலே 12 உண்டு. இவ்வாறு எந்த இரண்டும் கீழும் மேலும் இணைந்து நிற்கும் அமைப்பை ‘லாட்டிஸ்’ என்பர். நாம் பின்னல் என்போம். இனி, 12ஐ 3, 4 எனப் பிரித்தால் இரண்டிற்கும் 1 அன்றிப் பொதுக் காரணி இல்லை. 2, 6 எனப் பிரித்தால் 2 பொதுவாகி விடுகின்றது. முன்னைய வகையைச் சார்ந்த 1, 3, 4, 12 ஆகிய வகுத்திகளைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றின் வழியே எண்சார்புகளை இணைக்கும் ஒரு முறையை வைத்தியநாதசுவாமி 1931இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1960இல் எக்ஃபோர்ட் கோஹன் என்பார் இவ்வகுத்திகளை ‘யூனிட்டரி’ என்னும் பெயரால் ஆராய்ந்தார். இன்று அப்பெயரே வழங்குகின்றது. அவ்வாண்டே நம் பேராசிரியர் மறைந்தார்.

அவர் இணைத்த எண்சார்புகள் சேர்ப்பு விதிக்கு உட்பட்டவை. அவ்விதிக்கு உட்படும் தொகுதியை அரைக்குலம் என்பர். இளையராஜாவை ஈன்ற பண்ணைப்புரம் நம் பள்ளத்தாக்கினதாதலின், இசையையே சான்றாகக் காட்டலாம். ‘ச’வையும் ‘ரி’யையும் இணைத்த பின் ‘க’வைச் சேர்ப்பினும், ‘ச’வுடன் ‘ரிக’ என்பதைச் சேர்ப்பினும் விளையும் வரிசை ஒன்றே. சுரங்களை இவ்வாறு இணைத்தலும், எழுத்துக்களை இணைத்தலும் அரைக்குலங்களே. 1976இல் சாமுவேல் ஐலன்பர்க், முடிவுறு அரைக்குலங்களைத் தக்க நிபந்தனைகளால் வகுப்புகளாக்கி, ஒவ்வொரு வகுப்பும் ஒருவகை எழுத்துத் தொடர்களின் கூட்டத்திற்கு இணையாவதை நிறுவினார். அவ்வகுப்புகளும் ஒரு பின்னலே. இரண்டு வகுப்புகளுக்குப் பொதுவாயது ஒரு வகுப்பு. இரண்டையும் அடக்கும் மிகச் சிறியதும் ஒரு வகுப்பு. 12இன் வகுத்திகளிற் கண்ட ஒழுங்கே ஈங்கும் நிலவுகின்றது. வைத்தியநாதசுவாமி இத்துறையினர் அல்லர். ஆயின் பின்னல் நோக்கை இந்திய மண்ணில் ஊன்றியவருள் அவர் முதன்மையானவர். 1940களில் அந்நோக்கை இடத்தியலில் செலுத்தினார். 1947இல் அவர் வெளியிட்ட கண இடத்தியல் நூல், அத்துறையில் இந்தியாவில் எழுந்த முதற் பாடநூலாகும்.

பின்னர்க் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அவர்தம் மாணவர் பி. கேசவ மேனன் 1965இல் கண்ட முற்றொருமை இன்றும் மேனன் பெயராலேயே வழங்குகின்றது. ஆசிரியர் கண்டதற்குப் பிறர் பெயரிட, மாணவர் கண்டதற்கு அவர் பெயரே நிலைத்தது. நல்லாசிரியருக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.

அல்ஜீப்ரா என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்து பிறந்தது. ஒரு மொழி அறிவைத் தனதாக்கிக் கொண்டால், அம்மொழிச் சொல்லை உலகம் ஏற்கும் என்பதற்கு அதுவே சான்று. இத்துறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டா. தாளும் எழுதுகோலும், தளரா உள்ளமும், வழிகாட்டும் ஆசானும் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலிருந்து வரும் எம் மாணவர்க்கு இவை எட்டாதவை அல்ல. ‘லாட்டிஸ்’ என்பதை நாம் ஈங்குப் பின்னல் என்றோம். இதனினும் தகுந்த சொல்லை அவருள் ஒருவர் காண்பாராக. அதனைக் கொண்டு தமிழில் நூலும் யாப்பாராக.