சாயத்திலிருந்து மருந்து: பால் எர்லிக்

ஃபார்ம் 4 பயாலஜி லேப்ல கன்னத்து செல் மேல ஒரு சொட்டு மெத்திலீன் புளூ விடுவோமே, ஞாபகம் இருக்கா நண்பர்களே? நியூக்ளியஸ் மட்டும் அடர்நீலமா தெரியும். ஏன் அது மட்டும்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர்தான் பால் எர்லிக்.

1854-இல் பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் ஊரில் (இன்று போலந்து) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நிலக்கரித் தாரிலிருந்து துணிக்குச் சாயம் தயாரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. உறவினர் கார்ல் வைகெர்ட் அந்தச் சாயங்களால் திசுக்களுக்கு நிறமேற்றுவதைப் பார்த்து, எர்லிக்கும் அதில் மூழ்கிப்போனார். 1878-இல் அவர் எழுதிய மருத்துவ ஆய்வேடே திசுக்களுக்குச் சாயமேற்றுவதைப் பற்றியதுதான்.

விஷயம் இதுதான்: மெத்திலீன் புளூவுக்கு நேர் மின்னூட்டம். நியூக்ளியஸில் உள்ள டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம். ரெண்டும் ஒட்டிக்கும். இயோசின் இதற்கு நேர்மாறு. அது புரதங்களைத் தேடிப்போகும். இப்படி அமிலச் சாயம், காரச் சாயம் என்று மாற்றி மாற்றிப் போட்டுத்தான் வெள்ளை அணுக்களை எர்லிக் வகை பிரித்தார். இன்றைக்கு நம்ம ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் 'இயோசினோஃபில்' அப்படி வந்த பேர்.

1882-இல் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதே வருடம் அதற்கு இன்னும் நல்ல சாயமுறையை எர்லிக் கொடுத்தார். பிறகு அந்த நோயே அவரைப் பிடித்தது. குணமாக எகிப்து வரை போய்விட்டு வந்தார்.

அங்கேயே ஓய்ந்துவிடவில்லை. சாயம் ஒன்றை மட்டும் தேர்ந்து ஒட்டுகிறது என்றால், உடம்பை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் மருந்து ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்தார். 1891-இல் மெத்திலீன் புளூவையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1908-இல் நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது. அப்பவும் தேடலை நிறுத்தலை. ஆர்செனிக் சேர்மங்களில் 606 எண் கொண்டது பயனில்லை என்று முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. 1909-இல் ஜப்பானிய உதவியாளர் ஹாட்டா மறுபடி சோதித்தபோது, அது சிஃபிலிஸ் கிருமியைக் கொன்றது. அடுத்த வருடம் 'சல்வர்சான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

1915-இல் எர்லிக் இறந்தார். யூதர் என்பதால் நாஜிகள் அவர் பெயரிலிருந்த தெருவின் பெயரைக்கூட மாற்றினார்கள். ஆனால் கீமோதெரபி என்ற சொல்லும் அவர் தந்ததே. அதை யாராலும் அழிக்க முடியலை.

படிப்பிலோ வேலையிலோ ஒரு முயற்சி சரிவரலைன்னு ஒதுக்கி வைத்திருக்கீங்களா? இன்னொரு தடவை சோதித்துப் பாருங்க.