வக்கீலும் அவரே, ராஜாவும் அவரே!

வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால், தாம்பரம் தாண்டிப் பல்லாவரம் வரும். அதன் அருகே உள்ள ஊர் பம்மல். இன்று அது தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி.

இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் பரவச் செய்தவர், பம்மல் சம்பந்த முதலியார். 1873-ம் ஆண்டு பிறந்தவர்.

அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு மதிப்பு கிடையாது. கூத்தாடி என்று ஏசுவார்கள். படித்த வீட்டுப் பிள்ளை மேடை ஏறினால், குடும்பத்துக்கே தலைக்குனிவு!

சம்பந்தமும் சிறு வயதில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர்தான்.

மனம் மாறியது

1891-ல் பெல்லாரியில் இருந்து ஒரு குழு சென்னைக்கு வந்து, தெலுங்கு நாடகம் நடத்தியது. நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். அதைப் பார்த்த சம்பந்தத்தின் மனம் மாறியது. தமிழில் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று எண்ணினார்.

அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி, நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18!

மாணவர்களும் வக்கீல்களும் சபையில் சேர்ந்தனர். சம்பளம் கிடையாது. ஒத்திகை உண்டு. நாடகம் எழுதியவரும் சம்பந்தமே; நடிப்பு சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள்.

விடிய விடிய நடந்த நாடகம், சில மணி நேரமாகச் சுருங்கியது. பாட்டே பெரிதாக இருந்த மேடையில், பேச்சுக்கு முதலிடம் கிடைத்தது. பேச்சுக்கு முதலிடம் என்றால், நடிப்பவன் சொல்லைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கண்டு கூசாமல் நிற்க வேண்டும். இளைஞர்களுக்கு அதுவே ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று.

சுதந்திரப் போராட்ட மேடைகளில் முழங்கிய சத்தியமூர்த்தியும், இந்தச் சபையில் நடித்தவரே!

மனோகரன்

1895-ல் மேடை ஏறிய 'மனோகரா' நாடகத்தில், இளவரசன் மனோகரனாக சம்பந்தமே நடித்தார். அந்த நாடகம் 1954-ல் சினிமாவாக வந்து, சிவாஜி கணேசனுக்கும் புகழ் தேடித் தந்தது.

சம்பந்தம் வக்கீல் தொழிலை விடவில்லை. பகலில் கோர்ட்டு, இரவில் ராஜ வேடம்! 1924-ல் அவருக்கு நீதிபதி பதவியே வந்தது. நடிகன் என்பதால் அவர் கவுரவம் குறையவில்லை. அவரால் நடிகர்களின் கவுரவம்தான் உயர்ந்தது.

90-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964-ல், 91-வது வயதில் காலமானார்.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நடிக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளை கேட்கிறானா? தடுக்காதீர்கள். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று பேச, அவன் கற்றுக்கொள்ளட்டும்!