வெறுங்காலால் ஓடி முடித்த ஓட்டம்



ஆண்டு பிறந்ததும் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். போட்டிகளுக்குள் முதலில் நடப்பது பெரும்பாலும் மரதன் ஓட்டம். ஒலிம்பிக் மரதன் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்டது. நம் பிள்ளைகள் ஓடுவது அதில் ஒரு சிறு பங்குதான் என்றாலும், நம் வீதிகளின் ஏற்ற இறக்கத்தில் அதுவே பெரிய தூரம். உங்கள் மகனோ மகளோ அதற்காக வாரக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து, பனியில் நனைந்து, தேயிலை மலைப் பாதையிலோ வயல் வரம்பு ஓரத்திலோ ஓடிப் பழகியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஓட்டம் நடக்கும் நாளில் வீதியோரத்தில் நிற்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார். இன்னொருவர் தோடம்பழத்தைக் கீறி நீட்டுவார். முன்பின் அறியாத ஓர் அம்மா, ஓடும் பிள்ளையின் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிடுவார். பரிசு வாங்கும்போது மேடையில் ஒரு பெயர்தான் வாசிக்கப்படும். தண்ணீர் ஊற்றியவரின் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று ஒரு பெரியவரின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவர் பரிசுக்காக ஓடியவரல்லர். ஆயினும் இலங்கைத் திருச்சபையின் வரலாற்றில் அவரைப்போல நீண்ட தூரம் காலால் கடந்தவர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

பயிற்சிக் காலம்

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவா நாட்டிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில், கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கல்வியில் தேர்ந்து, 1676ல் குருவாக அபிஷேகம் பெற்றார். வசதியான பங்கொன்றில் அமர்ந்து அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ குருவான சிறிது காலத்திலேயே காலணிகளைக் கழற்றிவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும்போது தாமும் அப்படியே நடக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

ஓட்டப் பயிற்சி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். போட்டி நாளில் காட்டும் வேகமல்ல அது. யாரும் பாராத நாட்களில் உடலை வசப்படுத்துவது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பந்தயத்தில் ஓடுகிறவனின் தன்னடக்கத்தையே விசுவாசிக்கு உதாரணமாகக் காட்டுகிறார். யோசேவ் வாஸ் அடிகளாரின் பயிற்சியும் அவ்வாறே நடந்தது. 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையில் மறைப்பணி செய்தபோது ஊரூராக நடந்தார். 1685ல் கோவாவில் சில குருக்களோடு கூடி, அர்ச். பிலிப் நேரியாரின் ஒறற்றோரியன் சபையில் வாழத் தொடங்கினார். இவ்வளவு காலமும் அவருடைய மனம் ஒரே திசையை நோக்கியிருந்தது. அந்தத் திசை இலங்கை.

அப்போது இங்கே நிலைமை என்ன? ஒல்லாந்தர் 1656ல் கொழும்பையும் 1658ல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது வருடமாக, பூசையுமின்றிப் பாவசங்கீர்த்தனமுமின்றி, தாய்மார் சொல்லிக்கொடுத்த செபங்களை வைத்தே மக்கள் விசுவாசத்தைக் காத்துவந்தார்கள்.

கஞ்சி கொடுத்த கை

1687ல் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் படகேறினார். அவரோடு யோவான் என்னும் பணியாளரும் வந்தார். கரைசேரும்போதே இருவரையும் கடும் வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. இந்தப் பெரும் ஓட்டத்தின் ஆரம்பக் கோட்டிலேயே ஓடுகிறவர் விழுந்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் தொற்றுநோய்க்கு அஞ்சி அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டார்கள் என்றும், இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் குரு என்பது தெரியாது. ஒரு நாள் பீடத்தில் வைத்து வணங்கப்படுவார் என்பதும் தெரியாது. சாகக் கிடந்த இரண்டு பரதேசிகளுக்குக் கஞ்சி கொடுத்தார், அவ்வளவுதான். நம் திருச்சபையின் வரலாறே அந்தக் கஞ்சியில் தங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரோ நம்மில் எவருக்கும் தெரியாது.

உடல் தேறியபின் அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்த்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக்கொண்டு மறைத்து வைத்தார்கள். பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, நள்ளிரவில் பூசை செய்து, விடியுமுன் அடுத்த ஊர் சேருவார். அவரைக் காட்டிக்கொடுக்காத ஒவ்வொரு குடும்பமும் தன் உயிரையே பணயம் வைத்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படை வந்து வளைத்தபோது அவர் தப்பினார். அங்கே கூடியிருந்த மக்களில் பலர் பிடிபட்டார்கள். சிலர் சிறையிலேயே உயிர்விட்டார்கள்.

மலைநாட்டை நோக்கி

தம்மால் மக்களுக்கு மேலும் துன்பம் நேரக்கூடாது என்று, 1690ல் அவர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்கு வந்தார். 1692ல் அங்கிருந்து கண்டிக்கு நடந்தார். அரசவையிலிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்ட, சிறைவாசம் கிடைத்தது. ஓடுகிறவனை நிறுத்திவைத்தால் அவன் என்ன செய்வான்? அடிகளார் சிங்களம் படித்தார். தமிழோடு சிங்களமும் கைவந்ததனால், விடுதலை கிடைத்ததும் இரு மக்களுக்கும் அவர்களின் மொழியிலேயே போதிக்க முடிந்தது.

கடும் வரட்சி வந்தபோது அவர் செபித்ததால் மழை பெய்ததென்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குச் சுதந்திரம் அளித்தானென்றும் வரலாறு சொல்கிறது. பௌத்த சமயத்தைச் சார்ந்த ஒரு மன்னன் கத்தோலிக்கக் குருவுக்கு நிழல் கொடுத்தான். ஒல்லாந்தரின் பகுதியில் ஒளிந்து நடந்தவர் கண்டி இராச்சியத்தில் வெளிப்படையாக நடந்தார். அந்த மன்னனுக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கண்டியை நடுவாக வைத்துக்கொண்டு அவர் நாற்றிசையும் போனார். நமது மாவட்டத்திலே, மாத்தளையிலிருந்து பலாபத்வலை வழியாகக் கலேவெலைக்குப் போகும் பாதையில் வகாக்கோட்டை என்னும் ஊரை அறியாதவர் நம்மில் யார்? போர்த்துக்கேயப் போர்வீரரின் வழிவந்தோர் கண்டி மன்னரின் நாட்டில் குடியேறி விசுவாசத்தைக் காத்துவந்த ஊர் அது. யோசேவ் வாஸ் அடிகளாரின் காலடி பட்ட ஊராக அது போற்றப்படுகிறது. ஆனி மாதம் பதுவைப் பதியர் புனித அந்தோனியாரின் திருவிழாவுக்கு நீங்கள் அங்கே போகும்போது, அந்தப் பாதையை ஒரு காலத்தில் வெறுங்காலோடு நடந்து கடந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார்

1697ல் கண்டியில் அம்மைநோய் பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினார்கள். நோயாளிகளை உறவினரே காட்டிலும் தெருவிலும் கைவிட்டுப் போனார்கள். அடிகளாரும், கோவாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த அவருடைய மருமகனான யோசேவ் கர்வாலோ சுவாமியாரும் அங்கேயே தங்கினார்கள். வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் நோயாளிகளைச் சேர்த்து, புண்களைக் கழுவி, உணவும் மருந்தும் கொடுத்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளி கத்தோலிக்கனா, பௌத்தனா என்று அவர்கள் பார்க்கவில்லை.

பத்து வருடங்களுக்குமுன் நோய்க்கு அஞ்சி ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர், இப்போது நோய்க்கு அஞ்சி ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் பெற்றதைக் கண்டியில் யார் யாருக்கோ திருப்பிக் கொடுத்தார். நன்றி என்பது வாயால் சொல்லி முடிவதல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் காட்ட முடியும்?

அவரை ஆயர் நிலைக்கு உயர்த்த எண்ணியபோதும் அதை அவர் ஏற்கவில்லை. 1705ல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணியைத் தொடர்ந்தார். நீண்ட தூரத்தைத் தனியாக ஓட முயல்பவன் நடுவழியில் விழுவான். அடுத்தவரைத் தயார் செய்கிறவனே ஓட்டத்தை முடிக்கிறான்.

இருபத்து நான்கு வருடங்கள் அவர் இந்தத் தீவில் உழைத்தார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. நோயினால் தளர்ந்து, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். அவரை அடக்கிய ஆலயம் பின்னாளில் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. ஆயினும் 1995 ஜனவரி 21ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14ல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இலங்கைத் திருச்சபையின் முதற் புனிதர் அவரே.

நம் முன்னோரும் நடந்தவர்களே

வாசகர்களே, இந்த வரலாறு உங்களுக்கு அந்நியமானதல்ல. அடிகளார் கூலி வேடத்தில் வந்து ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களுக்குப் பின், உங்களில் பலருடைய முன்னோர்கள் வேடமின்றி உண்மைக் கூலிகளாகவே வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து, மாத்தளைக்குக் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று இந்த மலைகளில் வாழ்கிறார்கள். அந்த வழியில் யாரோ ஒருவர் உங்கள் பாட்டனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கவேண்டும். இல்லையேல் நீங்கள் இன்று இதை வாசித்துக்கொண்டிருக்கமாட்டீர்கள்.

1960ல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரரான அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மரதன் ஓடி வென்றபோது உலகம் வியந்தது. வெறுங்கால் நமக்குப் புதிதல்ல. நாம் மறந்துபோவது, அந்தக் காலுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களைத்தான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இவ்வாண்டு உங்கள் பிள்ளை மரதன் ஓடிவிட்டு வீடு வந்தால், எத்தனையாவது இடம் என்று கேட்குமுன், வழியில் உனக்குத் தண்ணீர் தந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் அயல்வீட்டுச் சிங்கள அம்மாவாக இருக்கலாம், முஸ்லிம் கடைக்காரராக இருக்கலாம், கோயிலடி ஐயாவாக இருக்கலாம். மறுநாள் பிள்ளையை அவரிடம் கூட்டிக்கொண்டுபோய் நன்றி சொல்ல வையுங்கள். உங்கள் பிள்ளை ஓடாத வருடத்தில், நீங்களே ஒரு வாளித் தண்ணீரோடு வீதியோரத்தில் நில்லுங்கள்.

அன்றிரவு குடும்ப செபமாலை சொல்லும்போது, யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொடுத்த அந்தப் பெயரறியாப் பெண்ணுக்காகவும் ஓர் அருள்நிறை மரியாயே சொல்லிக்கொள்ளுங்கள். நமக்குப் பூசையும் தேவதிரவிய அநுமானங்களும் கிடைத்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு.