தேசிங்கு ராஜா

தேசிங்கு ராஜா (இயற்பெயர்: தேஜ் சிங், இறப்பு: அக்டோபர் 3, 1714) செஞ்சிக் கோட்டையைச் சில மாதங்கள் ஆண்ட புந்தேல ராசபுத்திர மரபினர் ஆவார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இளம் வயதிலேயே உயிர்நீத்தவர். தேஜ் சிங் என்னும் பெயரே தமிழர் நாவில் தேசிங்கு என்றாயிற்று. இவரது ஆட்சி ஓராண்டு கூட நீடிக்கவில்லை. கோட்டையில் இன்று காணப்படும் பெரிய கட்டடங்களுள் பெரும்பாலானவை இவருக்கு முந்தைய நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர் ஆகியோர் காலத்தவை. எனினும் வட தமிழகச் சிற்றூர்களில் செஞ்சிக் கோட்டை தேசிங்கு ராஜா கோட்டை என்றே வழங்கப்படுகிறது.

பின்னணி

செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து இக்கோட்டை அமைக்கப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டு, ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே கோட்டையைப் பிடிக்க முடிந்தது. முற்றுகைக்குள் இருந்த மராட்டிய மன்னர் இராசாராம் அதற்குள் தப்பிச் சென்றுவிட்டார்.

1700ஆம் ஆண்டளவில், முகலாயப் படையில் பணியாற்றிய சரூப் சிங் என்னும் புந்தேலர் ஔரங்கசீப்பின் ஆணைப்படி கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். இவரே தேசிங்கின் தந்தை. அக்காலத்தில் கடற்கரைத் துறைமுகங்களின் நிலை செஞ்சியுடன் பிணைந்திருந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமே விலைக்கு வாங்கினர். புனித டேவிட் கோட்டை என்பது அதுவே. 1710இல் வருவாய் தொடர்பாக அக்கோட்டை ஆங்கிலேயருக்கும் சரூப் சிங்கிற்கும் இடையே சண்டை மூண்டது. 1712இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநரின் தலையீட்டுடன், உடன்பாடு ஏற்பட்டது.

ஔரங்கசீப் 1707இல் இறந்தபின் தில்லியின் பிடி தளர்ந்தது. சரூப் சிங் ஆற்காட்டிற்குச் செலுத்த வேண்டிய பணம் பல ஆண்டுகளாக நிலுவையில் நின்றது.

நவாபுடன் பிணக்கு

தந்தை இறந்தபோது தேஜ் சிங் புந்தேல்கண்டில் இருந்தார். செய்தி அறிந்து மனைவியுடன் செஞ்சிக்கு வந்து, இறுதிக் கடன்களைச் செய்து, கோட்டையின் பொறுப்பை ஏற்றார். இவருக்கு அப்போது வயது 22 என்பது மரபு.

பிணக்கு பணத்தைப் பற்றியது மட்டுமன்று. பேரரசர் ஔரங்கசீப் தம் தந்தைக்கு அளித்த ஆணையே தமக்கும் போதும் என்பது தேஜ் சிங்கின் நிலைப்பாடு. பேரரசர் மாறியபின் புதிய ஆணை பெற வேண்டும், நிலுவையையும் செலுத்த வேண்டும் என்பது நவாப் தரப்பு. முகலாய ஆட்சி முறைப்படி பார்த்தால் நவாபின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பதவிகளும் சாகீர்களும் பரம்பரைச் சொத்தாகக் கருதப்படவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் நவாபும் ஆற்காட்டைத் தம் குடும்பத்திற்கே உரியதாக்கி வந்தார். அவருக்குப் பின் அவரது தம்பி மகன் தோஸ்த் அலி கானே நவாபானார். தமக்கு வேண்டிய உரிமையை நவாப் செஞ்சி இளைஞருக்கு மறுத்தார் என்பதும் உண்மை. பேச்சு பயனளிக்காமற் போகவே நவாப் படையுடன் செஞ்சி நோக்கி வந்தார்.

இறுதிப் போர்

எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்குள் இருந்துகொண்டு போரிடாமல், தேஜ் சிங் வெளியே சென்று திறந்த வெளியில் எதிரியைச் சந்தித்தார். இவ்வரலாற்றைப் படிப்போர் எவருக்கும் முதலில் எழும் ஐயம் இதுவே. கதைப்பாடல் இதனை வீரம் என்று மட்டும் சொல்லிச் செல்கிறது. மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நீண்ட மதிலையும் காக்கப் பெரும்படை வேண்டும். சில நூறு வீரர்களைக் கொண்டு அது இயலாது என்பதும் காரணமாக இருக்கலாம்.

சங்கராபரணி ஆறு அப்போது பெருக்கெடுத்து ஓடியது. வராக நதி எனவும் அழைக்கப்படும் இவ்வாறு செஞ்சிப் பகுதியைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. வெள்ளத்தைக் கடந்து அவரைப் பின்தொடர்ந்தோர் சிலரே. அவருடைய நண்பர் மகபத்கான் தம் திருமணத்தை இடையில் நிறுத்திவிட்டுப் போருக்கு வந்ததாகக் கதை கூறும். அக்டோபர் 3, 1714 அன்று செஞ்சிக்கு அருகிலுள்ள கடலி வெளியில் நடந்த போரில் இருவரும் இறந்தனர். இந்து மன்னனுக்காக உயிர்கொடுத்த முசுலிம் நண்பன் என்னும் இப்பகுதியே கதையில் மக்கள் மிகவும் விரும்பிக் கேட்பதாகும். மகபத்கானின் கல்லறையும் அவரது குதிரை நீலவேணியின் கல்லறையும் நீலாம்பூண்டியில் உள்ளதாக வழக்கு.

தேசிங்கின் உடல் உரிய மரியாதையுடன் எரியூட்டப்பட்டது. மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறினார். கோட்டைக்குள் உள்ள செட்டிக்குளத்தின் கரையிலுள்ள மேடை அவ்விடம் எனக் காட்டப்படுகிறது. பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டிற்கு எதிரே உள்ள இராணிப்பேட்டை இவர் நினைவாக நவாப் வைத்த பெயர் என்பது செவிவழிச் செய்தி. 2019இல் அவ்வூர் தனி மாவட்டத்தின் தலைநகரமானது.

வெற்றிக்குப் பின் நவாப் கட்டிய பள்ளிவாசல் (1717–18) கோட்டையின் பாண்டிச்சேரி வாசலுக்கு அருகே இன்றும் நிற்கிறது.

கதையும் வரலாறும்

நவாபின் செயலர் சஸ்வந்த் ராய் எழுதிய சயீத்நாமா என்னும் பாரசீக நூல் வென்றவர் தரப்பைக் கூறுகிறது. தோற்றவர் தரப்பைக் கூறுவது தேசிங்குராசன் கதை என்னும் தமிழ்க் கதைப்பாடல். எவராலும் அடக்க முடியாத குதிரையைத் தில்லியில் தேசிங்கு அடக்கியது அதில் வருகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் குடைவரைக் கோயிலின் அரங்கநாதர், அன்று போருக்குப் போக வேண்டாம் எனத் தடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் சொல்வர். படைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு நூலிலும் வேறுபடுகிறது. ஒருபுறம் சில நூறு, மறுபுறம் பல ஆயிரம் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

பிற்காலம்

1750இல் பிரெஞ்சுத் தளபதி புசி செஞ்சியைக் கைப்பற்றினார். 1761இல் ஆங்கிலேயர் வசமானது. பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து எடுத்துச் சென்ற கருங்கல் தூண்களை இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றிக் காணலாம்.

தேசிங்கின் கதை 1936இலும், எம். ஜி. ஆர். நடிப்பில் 1960இலும் திரைப்படமாக வந்தது. சூலை 2025இல் யுனெசுக்கோ, மராட்டியரின் இராணுவ நிலப்பரப்பு என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அவற்றுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.