இடிபாடுகளின் நடுவே ஒரு பெண் மேயர்

யுத்தத்தில் சிதைந்து, நான்கு வல்லரசுகளின் ஆதிக்கத்தில் துண்டாடப்பட்டுக் கிடந்த பேர்லின் மாநகரின் நிர்வாகம் 1947 மே மாதம் லூயிஸே ஷ்ரோடர் என்ற அறுபது வயதுப் பெண்மணியிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு முன்னர் எந்தப் பெண்ணும் அப்பொறுப்பை வகித்ததில்லை.

1887 இல் அல்டோனாவில் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1910 இல் சமூக ஜனநாயகக் கட்சியில் இணைந்தார். ஜேர்மனியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 1919 ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசிய சபைக்குத் தெரிவானார். தொழிலாளர் நலன்புரி அமைப்பைத் தோற்றுவித்தோரிலும் ஒருவரானார். 1933 மார்ச்சில் ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் வழங்கிய சட்டத்தை எதிர்த்து வாக்களித்த 94 பேருள் அவரும் அடங்குவார். அதற்கு விலையாகத் தொழிலை இழந்தார். பொலிஸ் கண்காணிப்புக்கு உள்ளானார். பாண் விற்கும் கடையொன்றை நடத்திச் சீவித்த காலமும் உண்டு.

எனினும், பேர்லினில் அவருக்குக் கிடைத்தது 'பதில் மேயர்' பதவியே. 1947 ஜூனில் நகரசபை தெரிவுசெய்த ஏர்ன்ஸ்ட் ரொய்டரை சோவியத் தரப்பு ஏற்க மறுத்தமையால், தற்காலிகப் பொறுப்பு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீண்டது. பசி, குளிர், உறைவிடமின்மை ஆகியவற்றோடு போராடிய மக்களுக்கு அவர் தாய்போல் விளங்கினார். 1948 ஜூன் 24 இல் மேற்கு பேர்லினுக்கான தரைவழிகளை சோவியத் படையினர் மூடியபோது, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் விமானங்கள் கொண்டுவந்த உணவையும் நிலக்கரியையும் நம்பியே வாழ்ந்தனர். அந்நெருக்கடியின் மத்தியில் நோயுற்ற ஷ்ரோடர், நகரம் பிளவுண்ட பின்னர் அவ்வாண்டு டிசெம்பரில் பொறுப்பை ரொய்டரிடம் கையளித்தார். 1949 முதல் 1957 ஜூனில் மறையும்வரை மேற்கு ஜேர்மனியப் பாராளுமன்றத்தில் பணியாற்றினார். மரணத்துக்குச் சற்று முன்னர், பேர்லினின் கௌரவப் பிரஜையாக்கப்பட்ட முதற்பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

ஆயினும், தேர்தல் வழியாக ஒரு பெண் பேர்லினின் ஆளும் மேயராவதற்கு 2021 டிசெம்பர் வரை, அதாவது 73 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அழிவு சூழ்ந்த வேளையில் பெண்ணிடம் சுமையை ஒப்படைக்கத் தயங்காத சமூகம், அமைதி திரும்பியதும் ஆசனத்தை ஒப்படைக்க ஏன் தயங்குகிறது என்ற கேள்வியையே ஷ்ரோடரின் வாழ்வு நம்முன் வைக்கின்றது. பதவியின் பெயரிலிருந்த 'பதில்' என்ற சொல் அவரது பணியைச் சிறுமைப்படுத்தவில்லை. அச்சொல்லைக் கடந்துவர முக்கால் நூற்றாண்டை எடுத்துக்கொண்ட அரசியலே சிறுமைப்பட்டது என்போம்.